வழுவும் வழக்கும்: ஸ்கொட்ஸ் மொழி பற்றிய பொது அபிப்பிராயங்கள் எழுப்பும் ஓர் அறவினா

ஒருவர் பேசத் தொடங்கிய சில கணங்களுக்குள், அவர் கூறவந்த பொருளை முற்றாக அறியுமுன்னரே, அவரைப் பற்றி நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றோம். அவர் எவ்வூரினர், எத்தகைய குடும்பத்தினர், எவ்வளவு கற்றவர் என்பனவெல்லாம் அவருடைய உச்சரிப்பிலிருந்தும் சொல்லாட்சியிலிருந்தும் ஊகிக்கப்படுகின்றன. இவ்வூகம் பெரும்பாலும் இலக்கணத் தீர்ப்பின் வடிவிலேயே வெளிப்படும். 'இது கொச்சை', 'இது பிழை', 'இது மொழியே அன்று' என்னும் கூற்றுக்கள் அத்தகையன. நிறத்தையோ சமயத்தையோ பிறப்பையோ காரணங்காட்டி ஒருவரை வெளிப்படையாக இழித்துரைக்கக் கூசும் கற்றோருட் பலர், பேச்சைக் காரணங்காட்டி அவ்வாறு செய்யக் கூசுவதில்லை. தாம் ஒரு மனிதரைத் தாழ்த்துவதாக அவர்கள் கருதுவதில்லை. ஒரு பிழையைச் சுட்டுவதாகவே கருதுகின்றனர். இக்கருத்து எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை ஸ்கொட்லாந்தின் ஸ்கொட்ஸ் மொழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இகழப்பட்ட மொழியும் அதனை அளக்கும் கோலாக விளங்கும் ஆங்கிலமும் ஒரே மூலத்திற் பிறந்தவை என்பதும், இகழப்பட்டோரே அவ்விகழ்ச்சியைப் பெரிதும் ஏற்றுக்கொண்டனர் என்பதும் இவ்வெடுத்துக்காட்டைச் சிறப்பாகப் பயனுடையதாக்குகின்றன.

1993ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் நகர நீதிமன்றத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை முதலில் நோக்கலாம். அங்கு நிறுத்தப்பட்ட ஒருவர், தம்மிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு 'யெஸ்' என்னாது, ஆம் எனப் பொருள்படும் 'அய்' என்ற சொல்லால் விடையிறுத்தார். எச்சரிக்கப்பட்ட பின்னரும் அவர் அச்சொல்லையே கூறியமையால், நீதிமன்றத்தை அவமதித்தார் எனக் கொள்ளப்பட்டுச் சிறிது நேரம் காவலில் வைக்கப்பட்டார். அவர் கூறியதன் பொருள் அங்கிருந்தோருள் எவருக்கும் விளங்காமற் போயிருக்க முடியாது. இலண்டனிலுள்ள வெஸ்ற்மின்ஸ்ரர் பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் சட்டமூலங்களுக்குத் தம் ஆதரவைத் தெரிவிப்பதும் இதே சொல்லாலேயாம். சட்டமியற்றுவோர் வாயில் மரபும் மதிப்பும் பெற்ற ஒரு சொல், சட்டத்தின் முன் நின்றவர் வாயில் அவமதிப்பாக மாறியது. சொல்லோ அதன் பொருளோ மாறவில்லை. கூறியவர் நின்ற இடமே வேறு.

ஒரு பேச்சைப் 'பிழை' என நாம் குறிப்பிடும்போது மூன்று வெவ்வேறு தீர்ப்புக்கள் அவ்வொரு சொல்லினுட் கலந்து நிற்கக் காணலாம். இப்பேச்சு இவ்விடத்துக்குப் பொருந்தாது என்பது முதலாவது. இப்பேச்சு மொழியின் ஒழுங்கிலிருந்து வழுவியது என்பது இரண்டாவது. இவ்வாறு பேசுபவர் அறிவாலோ பண்பாலோ தாழ்ந்தவர் என்பது மூன்றாவது. முதலாவது தீர்ப்பு இடமும் அவையும் நோக்கியது. மரண வீட்டுக்கும் மணவீட்டுக்கும் உடை வேறுபடுதல் போல, அவைக்கேற்பப் பேச்சும் வேறுபடலாம் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. இரண்டாவது தீர்ப்பு உண்மை பற்றியது. ஆதாரங்களைக் கொண்டு மெய்யோ பொய்யோ எனத் துணியத்தக்கது. மூன்றாவது தீர்ப்போ ஒரு மனிதரின் பெறுமதி பற்றியது. நாம் பெரும்பாலும் முதலாவதற்கு மட்டுமே ஆதாரம் உடையோமாயிருந்தும், இரண்டாவதைக் கூறி, மூன்றாவதைக் கருதுகின்றோம். இவ்வழுக்கலிலேயே அநீதி தொடங்குகின்றது.

ஸ்கொட்ஸ் மொழியின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும். ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலங்களுக்கும் மேலைத்தீவுகளுக்கும் உரிய கேலிக் மொழி கெல்திக் குடும்பத்தைச் சார்ந்தது. தாழ்நிலங்களில் வழங்கும் ஸ்கொட்ஸ் அதனின் வேறாய், பண்டை ஆங்கிலத்தின் வடபுலக் கிளையிலிருந்து வளர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அதனைப் பேசியோரே அதனை 'இங்லிஸ்' என வழங்கினர். 'ஸ்கொட்டிஸ்' என்னும் பெயர் அதன் பின்னரே நிலைபெற்றது. 1424 முதலாக ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றச் சட்டங்கள் இம்மொழியில் எழுதப்பட்டன. வேர்ஜிலின் 'ஈனிட்' காவியத்தைக் கவின் டக்ளஸ் என்பார் 1513இல் இம்மொழியிற் பெயர்த்து முடித்தார். அரசவைக்கும் நீதிமன்றுக்கும் காவியத்துக்கும் ஏற்ற மொழியாக அது அன்று விளங்கியது. பின்னர் மூன்று நிகழ்ச்சிகள் நேர்ந்தன. 1560இல் ஏற்பட்ட சமயச் சீர்திருத்தத்தின் பின்னர் ஆங்கில விவிலியமே அந்நாட்டின் வேதநூலாக வழங்கலாயிற்று. 1603இல் அரசன் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் முடியையும் சூடி இலண்டனுக்குச் சென்றான். 1707இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துடன் இணைந்து மறைந்தது. வேதமும் அரசவையும் சட்டமன்றமும் அம்மொழியை விட்டு நீங்கின. அதன் இலக்கண அமைப்பிலோ சொல்வளத்திலோ இதற்குக் காரணமான குறைபாடு எதுவும் இருந்ததில்லை. ஆயினும் இரண்டு தலைமுறைகள் கழியுமுன்னரே அது 'கெட்டுப்போன ஆங்கிலம்' எனக் கருதப்படலாயிற்று.

அவ்வாறு கருதியோர் ஆங்கிலேயர் மட்டுமல்லர். பதினெட்டாம் நூற்றாண்டில் எடின்பரோ நகரம் ஐரோப்பியச் சிந்தனையின் தலையாய நிலையங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. அந்நகரின் பெருமெய்யியலாளரான டேவிட் ஹியூம், எழுத்தில் தவிர்க்கவேண்டிய ஸ்கொட்டிஷ் வழக்குகளின் பட்டியலொன்றை 1752இல் வெளியிட்டார். தம் நூல்களில் அத்தகைய சொற்கள் புகுந்துவிடாதபடி களைந்து தருமாறு நண்பரை வேண்டுவதும் அவருக்கு வழக்கமாயிருந்தது. அவர் சாகுந் தறுவாயில் தம் பாவங்களை அறிக்கையிடாது, தம் ஸ்கொட்டிஷ் வழக்குகளையே அறிக்கையிட்டார் என ஒரு வேடிக்கைக் கதையும் வழங்கிற்று. காரணகாரியத் தொடர்பையே ஐயுற்று ஆராய்ந்த அப்பேரறிஞர், இலண்டன் வழக்கே உயர்ந்தது என்னும் கொள்கையை ஐயுற்றதாகத் தெரியவில்லை. 1761இல் தோமஸ் ஷெரிடன் என்பார் எடின்பரோவுக்கு வந்து ஆங்கில உச்சரிப்புப் பற்றி நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்க நகரத்துப் பெரியோர் திரண்டனர். ஷெரிடனோ அயர்லாந்துக்காரர். தம் நாவைக் குறித்து நாணிய ஒரு சமூகம், அயலிலிருந்து வந்த எவரையும் ஆசிரியராக ஏற்கத் தயாராயிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1786இல் றொபேட் பேர்ன்ஸ் வெளியிட்ட புகழ்பெற்ற கவிதைத் தொகுதியும் தன் தலைப்பிலேயே அம்மொழியை ஒரு கிளைமொழியெனக் குறிப்பிட்டே வெளிவந்தது.

இனி, இரண்டாவது தீர்ப்பின் மெய்ம்மையைச் சோதிப்போம். ஸ்கொட்ஸ் பேசுவோர் ஆங்கிலத்தைச் சோம்பலினாற் சிதைக்கின்றனர் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் அபிப்பிராயம். வீட்டைக் குறிக்க அவர்கள் 'ஹவுஸ்' என்னாது 'ஹூஸ்' என்பர். பண்டை ஆங்கிலத்தில் அச்சொல் நெட்டுயிர் கொண்ட 'ஹூஸ்' ஆகவே இருந்தது. பின்னர்த் தென்புலத்தில் அவ்வுயிர் திரிந்து இன்றைய நியம ஆங்கில வடிவைப் பெற்றது. இரவைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலேயர் 'நைட்' என்கின்றனர். ஆயின் அதன் எழுத்துக்கூட்டலில், இன்று அவர்கள் உச்சரிக்காத ஓர் ஒலிக்குரிய இரு எழுத்துக்கள் நிற்கின்றன. அவ்வெழுத்துக்கள் குறித்த தொண்டையொலியை ஸ்கொட்ஸ் பேசுவோர் இன்றும் ஒலிக்கின்றனர். உயிருக்குப் பின்வரும் றகரத்தை இலண்டன் கற்றோர் கைவிட்டனர். ஸ்கொட்லாந்தின் உழவர் கைவிடவில்லை. சோம்பல் என்னும் குற்றச்சாட்டை எவர்மீதேனும் சுமத்தவேண்டுமாயின், அது எங்கு சென்று சேரும் என்பதை வாசகர் உணர்வர்.

வாக்கிய அமைப்பிலும் இவ்வாறே. 'நான் அல்லேனா' என்னும் பொருளில் ஸ்கொட்லாந்தில் 'அம்ன்ட் ஐ' எனக் கேட்பர். நியம ஆங்கிலமோ 'ஆன்ட் ஐ' என, தன்மை ஒருமைக்குப் பன்மை வினையைப் பொருத்துகின்றது. இவற்றுள் இலக்கண ஒழுங்குக்கு இயைந்தது முன்னையதே. நம் இலக்கண நூலார் மொழியிற் பயிலும் வழக்குகளை வழாநிலை, வழு, வழுவமைதி என வகுத்தனர். பிழையாயினும் காரணம் நோக்கி அமைத்துக்கொள்ளப்படுவது வழுவமைதி. இக்கோட்பாட்டின்படி நோக்கின் ஸ்கொட்டிஷ் வடிவம் வழாநிலையாகவும் நியம ஆங்கில வடிவம் வழுவமைதியாகவும் அமையும். மேலும், 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டை நியம ஆங்கிலம் இழந்துவிட்டது. கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் 'யூஸ்' எனப் பலரை விளிக்கும்போது, இழந்த பன்மையை ஈடுசெய்துகொள்கின்றனர். இதுவும் பள்ளிக்கூடத்திற் பிழையென்றே திருத்தப்பட்டு வந்தது.

இத்தகைய திருத்தங்களின் உள்ளியல்பை விளக்க, பழைய ஆங்கில இலக்கணப் போதனையில் வழங்கிய ஒரு நகைச்சுவைக் கதை உதவும். எதிர்காலத்தைக் குறிக்கும் 'ஷால்', 'வில்' என்னும் துணைவினைகளைப் பற்றி 1653இல் ஜோன் வாலிஸ் என்பார் ஒரு விதியை வகுத்தார். தன்மையிடத்தில் 'ஷால்' வெறும் எதிர்காலத்தையும் 'வில்' உறுதிப்பாட்டையும் குறிக்கும். முன்னிலை, படர்க்கைகளில் இது மாறிவரும் என்பது அவ்விதி. ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் இவ்வேறுபாடு பேணப்படவில்லை. கதையில், நீரில் வீழ்ந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் தாம் மூழ்கப்போவதாகவும் காப்பார் எவருமில்லை என்றும் அலறுகின்றார். ஆனால் அவ்விரு துணைவினைகளையும் இடம் மாற்றிக் கூறிவிடுகின்றார். கரையில் நின்ற ஆங்கிலேயர், இவர் இறக்க உறுதிபூண்டார், எவரும் தம்மைக் காக்கலாகாது எனக் கட்டளையும் இடுகின்றார் எனப் பொருள்கொண்டு, அவரை மூழ்கவிட்டனர். மாணவர் இலக்கணத்தை நினைவிற்கொள்ளும் பொருட்டு இக்கதை சொல்லப்பட்டது, கேட்டோர் நகைத்தனர்.

அறநோக்கில் இக்கதையை மீண்டும் வாசித்தல் வேண்டும். மூழ்குபவரின் கருத்துக் கரையிலிருந்தோருக்கு விளங்கவில்லை எனக் கூறுதல் நம்பத்தக்கதன்று. கைகால்களை வீசி அலறும் ஒருவரின் வேண்டுகோளை விளங்கத் துணைவினையின் உதவி தேவையில்லை. இக்கதையிற் பிழை செய்தவர் எவர் என்னும் வினாவுக்கு அந்த இலக்கணப் போதனை, மூழ்கியவரே என விடையிறுத்தது. வாலிஸின் விதியோ இன்று இங்கிலாந்திலேயே பெரிதும் கைவிடப்பட்டுவிட்டது. கற்ற ஆங்கிலேயரும் இன்று அந்த ஸ்கொட்லாந்துக்காரர் பேசியவாறே பேசுகின்றனர். நேற்றைய வழு இன்றைய வழக்காயிற்று. ஆயின் அவ்விதியைக் கொண்டு பரீட்சைகளிலும் நேர்முகத் தேர்வுகளிலும் தாழ்த்தப்பட்டோர் இழந்தவற்றை எந்த வழக்காறும் மீட்டுத் தருவதில்லை.

இவ்விடத்தில் வலுவான எதிர்வாதம் ஒன்றை எதிர்கொள்ளல் வேண்டும். மொழிநூலார் எல்லாக் கிளைமொழிகளும் சமம் என்பர்; ஆயின் உலகம் அவற்றைச் சமமாக நடத்துவதில்லை. நியம ஆங்கிலம் அறியாத கிளாஸ்கோச் சிறுவனுக்கு அலுவலகமும் பல்கலைக்கழகமும் கதவடைக்கும். அவ்வாறிருக்க, அவனுடைய பேச்சைத் திருத்தாது விடும் ஆசிரியர் அவனுக்கு இழைப்பது நன்மையா தீமையா? இவ்வாதத்தை எளிதில் ஒதுக்குதல் தகாது. தாம் நியம மொழியிற் கற்று உயர்நிலை எய்திய அறிஞர், பிறர் பிள்ளைகளை நோக்கி 'உங்கள் கிளைமொழியே போதும்' எனக் கூறுவராயின், அது பரிவு போலத் தோன்றும் புறக்கணிப்பேயாகும். நியம மொழியை எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பித்தல் பள்ளிக்கூடத்தின் கடன் என்பதில் ஐயமில்லை.

ஆயின் ஒன்றைக் கற்பிப்பதற்கு மற்றொன்றை இகழவேண்டும் என்பது இதனாற் பெறப்படுவதில்லை. 1872ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தால் ஸ்கொட்லாந்தில் ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. அக்கல்வியின் மொழி ஆங்கிலமே. வீட்டிற் பேசிய சொல்லை வகுப்பில் உச்சரித்தமைக்காகத் தோல்வாரால் அடிவாங்கியதை அந்நாட்டின் முதியோர் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். 1946இல் வெளியான கல்வி ஆலோசனைச் சபை அறிக்கையொன்று, ஸ்கொட்ஸ் எவ்விடத்தும் கற்றோரின் மொழியன்று என்றும், கல்விக்கோ பண்பாட்டுக்கோ உரிய ஊடகமாகாது என்றும் துணிந்து கூறியது. முதலாவது தீர்ப்பு எவ்வாறு மூன்றாவதாக மாறியது என்பதை இங்கு காண்கின்றோம். 'இது பரீட்சைக்குரிய மொழியன்று' எனப் பிள்ளைக்குச் சொல்லலாம், அது உண்மை. 'இது கற்றோர் மொழியன்று' எனச் சொல்லும்போது, அப்பிள்ளையின் தாயும் தந்தையும் எத்தகையோர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றோம். பிள்ளை முதலாவதை மறந்தாலும் இரண்டாவதை மறப்பதில்லை.

இகழாமலே நியம மொழியில் தேர்ச்சி எய்தலாம் என்பதற்கு ஜேம்ஸ் மறேயின் வாழ்க்கை சான்றாகும். ஸ்கொட்லாந்தின் தென்னெல்லையிலுள்ள டென்ஹொம் என்னும் சிற்றூரில் 1837இல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்த அவர், தம் ஊர்ப்புறத்துப் பேச்சு வழக்கை ஆராய்ந்து 1873இல் ஒரு நூல் வெளியிட்டார். 1879இல் ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியப் பொறுப்பை ஏற்று, 1915இல் இறக்கும்வரை அப்பணியில் ஈடுபட்டார். ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் வரலாறு வகுத்த பெருநூலை உருவாக்கியவர், 'ஹூஸ்' என்று பேசும் ஊரிலே பிறந்தவர். ஊர்மொழியை நுணுகி ஆராய்ந்த பயிற்சியும் அப்பெரும்பணிக்கு அவரை ஆயத்தஞ் செய்தது எனலாம்.

கிளைமொழியை இகழ்வோர் மட்டுமே அநீதி இழைப்போர் எனக் கருதுதலும் பொருந்தாது. அதனைப் போற்றுவோரும் அநீதி இழைத்ததுண்டு. ஸ்கொட்ஸ் மொழி ஆராய்ச்சியாளரான ஏ. ஜே. எய்ற்கன், அந்நாட்டு மக்கள் 'நல்ல ஸ்கொட்ஸ்', 'கெட்ட ஸ்கொட்ஸ்' என இருவகை பிரித்துப் பேசும் வழக்கத்தை எடுத்துக்காட்டினார். நாட்டுப்புறத்து முதியவரின் பேச்சும் பேர்ன்ஸின் பாடல்மொழியும் நல்லவை. கிளாஸ்கோத் தொழிலாளர் குடியிருப்பின் பேச்சோ வெறுங் கொச்சை என்பது அப்பொது அபிப்பிராயம். ஆண்டுதோறும் ஜனவரி 25ஆந் திகதி பேர்ன்ஸின் பிறந்தநாள் விருந்தில் ஸ்கொட்ஸ் கவிதைகளை உரத்து ஓதி மகிழ்வோர், மறுநாள் தம் பிள்ளை பேருந்து நடத்துநரைப் போலப் பேசினால் கடிந்துகொள்வர். 1994இல் கிளாஸ்கோப் பேச்சுமொழியில் அமைந்த நாவலொன்றுக்காக ஜேம்ஸ் கெல்மனுக்குப் புக்கர் பரிசு வழங்கப்பட்டபோது, நடுவர்களுள் ஒருவரே அதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பேசுவோர் இறந்துபட்ட மொழி பண்பாடாகவும், பேசுவோர் அயலில் வாழும் மொழி அநாகரிகமாகவும் கொள்ளப்படுமாயின், அங்கு மதிக்கப்படுவது மொழியன்று என்பது வெளிப்படை.

இறுதியாக, பேசுவோரே தம் மொழியைத் தாழ்வாகக் கருதும்போது நாம் கொள்ளவேண்டிய நிலை யாது? 2010இல் ஸ்கொட்லாந்து அரசாங்கம் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் நடத்திய கருத்தாய்வில், 85 வீதத்தினர் தாம் ஓரளவேனும் ஸ்கொட்ஸ் பேசுவதாகக் கூறினர். அதே ஆய்வில் 64 வீதத்தினர் ஸ்கொட்ஸை ஒரு மொழியாகத் தாம் கருதுவதில்லை, அது ஒரு பேச்சுமுறை மட்டுமே என்றனர். அறிஞர் சென்று 'உங்கள் அபிப்பிராயம் தவறு' எனத் திருத்துவராயின், அவரும் பழைய பள்ளியாசிரியரின் இருக்கையிலேயே அமர்ந்தவராவார். இங்கு இரண்டு வினாக்களைப் பிரித்தறிதல் நலம். ஸ்கொட்ஸ் தனிமொழியா கிளைமொழியா என்பதற்கு ஒலிகளும் இலக்கணமும் மட்டும் விடைதருவதில்லை. நோர்வேயினரும் டென்மார்க்கினரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பெரிதும் விளங்கிக்கொள்வர். எனினும் இரு அரசுகள் இருப்பதால் இரு மொழிகள் என்கின்றோம். பெயர் குறித்து மக்கள் எவ்வாறும் கருதலாம். ஆனால் 'நான் பேசுவது மொழியன்று' என்பது, 'ஆகையால் அவையில் நான் வாய்திறக்கலாகாது' என்னும் முடிவுக்கு இட்டுச்செல்லுமாயின், அதனை அவருடைய சொந்த அபிப்பிராயம் என ஏற்று நாம் அமைதி கொள்ள இயலாது. அது அவர்மேற் சுமத்தப்பட்டது.

சட்டம் இவ்விடத்தில் ஓரளவு துணைசெய்யும். 2001இல் பிரித்தானியா பிரதேச, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தை உறுதிப்படுத்தியபோது ஸ்கொட்ஸுக்கும் அங்கீகாரம் கிடைத்தது. 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் தாம் அதனைப் பேசுவதாகப் பதிந்தனர். 2025இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் கேலிக், ஸ்கொட்ஸ் ஆகிய இரண்டுக்கும் உத்தியோக அந்தஸ்தை வழங்கியது. 1707இல் மொழியை விட்டு நீங்கியவற்றுள் ஒன்று இவ்வாறு ஓரளவு திரும்பியது எனலாம். ஆயினும் சட்டம் பெயர்ப்பலகையை மாற்ற வல்லது. நேர்முகத் தேர்வில் அமர்ந்திருப்பவர் ஒருவரது உச்சரிப்பைக் கேட்டதும் மனத்துட் செய்துகொள்ளும் முடிவை அதனால் எட்ட இயலாது. அம்முடிவு அவரவர் பொறுப்பு.

தமிழ் இலக்கண மரபு இவ்விரு மனப்பாங்குகளையும் அறிந்தது. தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை நால்வகைப்படுத்தியபோது, திசைச்சொல்லுக்கும் அவற்றுள் உரிய இடமளித்தார். அம்மரபே பிற்காலத்தில் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளின் பேச்சைக் 'கொடுந்தமிழ்' எனவும் வழங்கியது; கொடுமை என்பதற்கு வளைவு என்னும் பொருளுண்டாயினும், நேரானது எது என்பதை முன்னரே துணிந்தவரே பிறிதொன்றை வளைந்தது என்பர். இவ்விரண்டுள் எதனை நாம் கைக்கொள்கின்றோம் என்பது ஸ்கொட்லாந்துக்கு மட்டும் உரிய வினாவன்று. 'பிழை' எனச் சொல்ல நேரும் ஒவ்வொரு வேளையிலும், மேற்குறித்த மூன்று தீர்ப்புக்களுள் எதனைக் கூறுகின்றோம் என ஒருகணம் தம்மையே வினவுதல் கற்றோர் கடன். பல்கலைக்கழகத்திற்கு முதன்முறையாக வந்து, விரிவுரை மண்டபத்தில் எழுந்து ஒரு வினாவைக் கேட்கத் தயங்கும் மாணவருக்கு, அந்த ஒருகணம் பெரிதும் பயன்படும். அவர் என்ன கேட்கின்றார் என்பதை முதலிற் செவிமடுப்போம்; எவ்வாறு கேட்கின்றார் என்பதைப் பின்னர் நோக்கலாம்.